இரண்டாவது மருந்து

கண்ணில் மஞ்சள் தட்டினால் மதுரைச் சுற்றுவட்டாரத்தில் கை முதலில் போவது கீழாநெல்லிக்குத்தான். வயல் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் கேட்பாரற்று முளைத்துக் கிடக்கும் செடி. வேரோடு பிடுங்கி, அலசி, அம்மியில் அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, மோரில் கரைத்து வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். எண்ணெய் கூடாது, உப்பு கூடாது. இரண்டு மூன்று வாரத்தில் பலருக்கு மஞ்சள் இறங்கிவிடும். வைரஸ் கிருமியால் வரும் காமாலையில் பெரும்பகுதி தானாகவே ஆறக்கூடியது. ஆறிய பெருமை பச்சிலைக்குப் போய்ச் சேரும்.

இறங்காத மஞ்சள் ஒன்று உண்டு. அதில் தொடக்கத்தில் பெரும்பாலும் காய்ச்சல் இருக்காது. உடம்பெல்லாம் அரிப்பெடுக்கும், ராத்திரி தூங்கவிடாத அரிப்பு. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும். மலம் வெளுத்துக் களிமண்போல் ஆகும். பசி அடங்கும், இடுப்பில் வேட்டி நிற்காது. பச்சிலை கொடுப்பவர் 'இன்னும் ஒரு மண்டலம் சாப்பிடுங்க' என்பார். ஒரு மண்டலம் என்றால் 48 நாள். பித்தநாளத்தில் புற்று வந்தவருக்கு 48 நாள் என்பது கொடுத்துவிட முடியாத அளவு பெரிய காலம்.

பித்தநாளம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். சிறுமலையில் பெய்கிற மழை ஓடை ஓடையாக இறங்கி ஒன்றுசேர்ந்து சாத்தையாறாகிறது. கல்லீரலுக்குள்ளும் அப்படித்தான். ஒவ்வொரு உயிரணுவும் சுரக்கும் பித்தநீர் மயிரிழைக் குழாய்களில் கசிந்து, கிளைகளாகச் சேர்ந்து, வலம் இடம் என இரண்டு வாய்க்கால்களாகி, கல்லீரலின் வாசலில் ஒன்றாகிறது. அந்த ஒற்றை வாய்க்காலின் அகலம் ஒரு பென்சிலைவிடக் குறைவு. பக்கத்தில் வெட்டிவைத்த ஊருணிபோலப் பித்தப்பை; வேண்டாதபோது நீரைத் தேக்கி, எண்ணெய்ப் பண்டம் வயிற்றுக்குள் போனதும் திறந்துவிடும். வாய்க்கால் கடைசியில் கணையத்தின் தலையை ஒட்டிப் போய்ச் சிறுகுடலில் இறங்குகிறது. இந்த வழியில் எந்த இடத்திலும் உள்தோல் அணுக்கள் கட்டுமீறலாம். இரண்டு கிளைகளும் சேரும் வாசலிலேயே முளைக்கும் கட்டிக்கு, 1965-இல் அதை விரிவாக எழுதிய அமெரிக்க மருத்துவர் ஜெரால்டு கிளாட்ஸ்கினின் பெயரே நிலைத்துவிட்டது. கடலை அளவுக் கட்டி போதும். மடை அடைத்துக்கொள்ளும், பித்தம் பின்னோக்கி ரத்தத்தில் ஏறும்.

வெட்டி எடுக்கக்கூடிய கட்டத்தில் பிடிபட்டால் அறுவை சிகிச்சையில் குணமாக வாய்ப்புண்டு. பெரும்பாலோர் அந்தக் கட்டம் தாண்டித்தான் வருகிறார்கள். அவர்களுக்கு மிஞ்சுவது மருந்து. எந்த மருந்து, ஒன்றா இரண்டா மூன்றா என்பதுதான் இந்த அத்தியாயம்.

கீழாநெல்லியை விட்டு நகர்வதற்கு முன் அதைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அது சோதிக்கப்படாத செடி அல்ல. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் எஸ்.பி.தியாகராஜனும் குழுவினரும், ஹெபடைடிஸ்-பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க்கோடு சேர்ந்து, அந்த வைரஸை ரத்தத்தில் சுமந்திருந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி கொடுத்துப் பார்த்தார்கள். 1988-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. செடி உட்கொண்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது. போலி மருந்து உட்கொண்ட 23 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் மறைந்தது. தமிழ்நாடே பெருமைப்பட்டது. அதற்குப் பின் வேறு ஊர்களில், வேறு நாடுகளில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. சென்னைக் குழு செய்தது நேர்மையான வேலை. அதை ஒரு கேள்வியாக உலகத்தின் முன் வைத்தார்கள், உலகம் திரும்பக் கேட்டுப் பார்த்தது. சின்ன ஆய்வில் தெரியும் பெரிய பலன் அடுத்தடுத்த ஆய்வுகளில் கரைந்துபோகும் இந்தக் கதையைப் பித்தநாளப் புற்றிலும் சந்திக்கப் போகிறோம்.

புற்றுநோய்க்கு ஒரு மருந்துக்கு இரண்டு மருந்து நல்லது என்று தோன்றுவது இயல்பு. வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் 'கூட இன்னொரு மருந்து ஏத்தினா என்ன டாக்டர்?' என்று மகனோ மருமகனோ கேட்காமல் இருப்பதில்லை. கேள்வியில் இருப்பது பாசம். அதற்கு விடை சொல்வது எவ்வளவு கடினம் என்பதை மேலூர் விவசாயி உடனே புரிந்துகொள்வார்.

பெரியாற்றுத் தண்ணீர் பேரணையில் பிரிந்து கால்வாயில் வருகிறது. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம். அதைத் தாண்டி மேலூர்ப் பக்கம் ஒருபோகம். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்வதே ஒவ்வோர் ஆண்டும் கோரிக்கையும் மறியலுமாகத்தான். ஒருவர் புதிய நெல் ரகத்தைத் தலைமடையில் விதைத்து, பழைய ரகத்தைக் கடைமடையில் விதைத்து, அறுவடையில் புதியதே அமோகம் என்று சொன்னால் கடைமடைக்காரர் என்ன சொல்வார்? 'அது நெல்லோட குணமில்லப்பா, தண்ணியோட குணம்' என்பார்.

நோயாளிகளிலும் தலைமடை, கடைமடை உண்டு. எழுந்து நடமாடுகிறவர், சாப்பிடுகிறவர், சிறுநீரகம் சரியாக இருப்பவர், வீட்டில் கவனிக்க ஆள் உள்ளவர் தலைமடை. நல்ல மனமுள்ள எந்த மருத்துவரும் இரண்டு மருந்தை இவருக்குத்தான் துணிந்து எழுதுவார். படுக்கையோடு இருப்பவருக்கு ஒன்றோடு நிறுத்திக்கொள்வார். ஒரு வருடம் கழித்துக் கணக்குப் பார்த்தால் இரண்டு மருந்து வாங்கியவர்கள் அதிக நாள் இருந்திருப்பார்கள். காரணம் மருந்தா, தண்ணீரா? ஆயிரம் பேரின் பதிவேடு இருந்தாலும் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது.

வழி கண்டவர்களும் வயலில்தான் கண்டார்கள். 1920-களில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வுப் பண்ணையில் ஆர்.ஏ.ஃபிஷர், எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதை மனிதன் தீர்மானிக்கக் கூடாது, சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க வேண்டும் என்றார். வளமான பாத்தியும் வறண்ட பாத்தியும் இரண்டு பக்கமும் தற்செயலாகச் சமமாகப் பிரிந்துவிடும். பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வுக் கழகம் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசினைச் சோதித்து 1948-இல் முடிவை வெளியிட்டபோது இந்தச் சீட்டு முறை மனிதர்களிடம் வந்தது. 107 நோயாளிகள், 55 பேருக்கு மருந்தும் ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும். முதல் சில மாதங்கள் மருந்து அற்புதம் செய்தது. பிறகு பலருக்குக் கிருமி மருந்தை மீறி எழுந்தது.

கூட்டு மருந்து என்ற எண்ணத்துக்கு வலு கொடுத்தது அந்த ஏமாற்றம்தான். பத்து லட்சம் கிருமிகளில் ஒன்று முதல் மருந்துக்கு அடங்காதது என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு மருந்துக்கு அடங்காததும் பத்து லட்சத்தில் ஒன்று. இரண்டுக்குமே அடங்காதது லட்சம் கோடியில் ஒன்றுதான் இருக்கும். உடம்புக்குள் அவ்வளவு கிருமி இருப்பது அரிது. 1950-க்குள் இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் எதிர்ப்பு வெகுவாகக் குறைகிறது என்று நிரூபித்துவிட்டார்கள். 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கியது. வாலஸ் ஃபாக்ஸும் தமிழக மருத்துவர்களும் செவிலியர்களும் ஐசோனியாசிட், பாஸ் என்ற இரண்டு மருந்துகளை ஒரு குழுவுக்குச் சானடோரியத்தில் வைத்துக் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு நெரிசலான அவர்கள் வீட்டிலேயே கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் குணம் ஏறக்குறைய ஒன்றே. பாலும் முட்டையும் மலைக்காற்றும் இல்லாத ஏழை வீட்டிலும் மருந்துக் கூட்டு வேலை செய்தது. உலகின் காசநோய்ச் சிகிச்சையைச் சானடோரியத்திலிருந்து வீட்டுக்கு அழைத்துவந்த ஆய்வுகளில் முதலில் சொல்ல வேண்டியது இது. தமிழ்ப் பாடப்புத்தகங்களில் இது ஏற வேண்டும் என்பது என் ஆசை.

அந்தக் கணக்கை 1960-களில் அமெரிக்காவில் எமில் ஃப்ரையும் எமில் ஃப்ரைரைக்கும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொண்டுபோனார்கள். நான்கு மருந்துகளை ஒன்றாகக் கொடுத்தார்கள். அதுவரை சில மாதங்களில் இறந்துகொண்டிருந்த குழந்தைகளில் சிலர் முதன்முறையாக ஆண்டுக்கணக்கில் பிழைத்தார்கள்.

பித்தநாளப் புற்று அவ்வளவு எளிதில் பணியவில்லை. அந்தக் கட்டி நார்த்திசுக் கோட்டை கட்டிக்கொண்டு வளர்வது. மருந்து உள்ளே ஊடுருவுவது சிரமம். நோயாளியின் கல்லீரலே அடைபட்டிருப்பதால் பல மருந்துகளை உடம்பால் வெளியேற்ற முடியாது. முதலில் வாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளே போய், அடைப்பைத் தாண்டி ஸ்டென்ட் என்ற சிறு குழாயைப் பொருத்தி மஞ்சளை இறக்க வேண்டும். அந்த ஸ்டென்டும் சில மாதங்களில் அடைத்துக்கொள்ளும், குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வரும், மருந்து தள்ளிப்போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, நோயாளிகள் குறைவு. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில்கூட ஆண்டுக்குச் சில பத்துப் பேர்தான் சேருவார்கள். ஆய்வு ஒன்றுக்கு நானூறு பேர் வேண்டுமென்றால் ஒரு நாடே ஒன்றுசேர வேண்டும்.

பிரிட்டன் சேர்ந்தது. மான்செஸ்டர் கிறிஸ்டி மருத்துவமனையின் ஹுவான் வாலே தலைமையில் 37 மையங்கள், 2002 பிப்ரவரி முதல் 2008 அக்டோபர் வரை, 410 பேர். ஏபிசி-02 என்று அந்த ஆய்வுக்குப் பெயர். அதில் கேட்ட கேள்வி ஒற்றை வரி: ஜெம்சிட்டபின் மட்டும் கொடுப்பதா, அதோடு சிஸ்பிளாட்டினையும் சேர்ப்பதா?

இரண்டு மருந்துகளின் பிறப்பும் தற்செயல். 1965-இல் மிச்சிகனில் பார்னெட் ரோசன்பெர்க் என்ற இயற்பியலாளர், மின்புலம் கிருமிகளை என்ன செய்கிறது என்று பார்க்கப் பிளாட்டினக் கம்பிகளை ஒரு திரவத்தில் விட்டு மின்சாரம் செலுத்தினார். கிருமிகள் பிரியாமல் நூல்போல் நீண்டுகொண்டே போயின. மின்சாரம் செய்த வேலை அல்ல அது. கம்பியிலிருந்து கரைந்த பிளாட்டினச் சேர்மத்தின் வேலை. அணு இரண்டாகப் பிரிவதை அது தடுக்கிறது என்று புரிந்ததும் புற்றுநோயின் மேல் கண் போயிற்று. 1978-இல் சிஸ்பிளாட்டின் மருந்தானது. ஜெம்சிட்டபின் 1980-களில் லில்லி நிறுவனத்தில் வைரஸுக்கு எதிராகத் தேடும்போது உருவானது. மரபுச்சரத்தைக் கட்டும் நான்கு எழுத்துகளில் ஒன்றின் வேடத்தில் இருக்கும் போலி எழுத்து அது. பிரிகிற அணு அதை அசல் என்று நம்பிச் சரத்தில் கோக்கிறது; அடுத்த எழுத்தோடு சரம் நின்றுவிடுகிறது.

இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்கிறது என்பது அழகான விஷயம். சிஸ்பிளாட்டின் மரபுச்சரத்தில் முடிச்சுப் போடுகிறது. அணு முடிச்சை வெட்டி எடுத்து, அந்த இடத்தில் புது எழுத்துகளைக் கோத்துச் சரிசெய்யப் பார்க்கும். கோக்கும்போது கைக்கு வருவது ஜெம்சிட்டபினின் போலி எழுத்து. ஒன்று உடைக்க, மற்றொன்று பழுதுபார்க்க விடாமல் தடுக்கிறது. சோதனைக் குழாயில் இது தெளிவாகத் தெரிந்தது. மனிதரில் தெரியுமா என்பதற்குத்தான் ஆறு வருடமும் 410 பேரும்.

2010 ஏப்ரலில் முடிவு வெளியானது. ஜெம்சிட்டபின் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 8.1 மாதம். இரண்டும் பெற்றவர்களுக்கு 11.7 மாதம்.

இடைநிலை என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஆஸ்பத்திரி வராந்தாக்களில் இந்த ஒரு எண்ணால் எத்தனையோ குடும்பங்கள் உடைந்துபோகின்றன. நூறு பேரை அவர்கள் வாழ்ந்த நாட்களின் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் காலம் அது. அவருக்கு முன்னே பாதிப்பேர், பின்னே பாதிப்பேர். 'உங்க அப்பாவுக்கு இன்னும் பதினொரு மாசம்' என்று அதை மொழிபெயர்ப்பது தவறு. தவிரவும், அந்த 410 பேரில் யாரும் மஞ்சள் ஏறிய நிலையில் மருந்து தொடங்கவில்லை. பித்தநிறமி கட்டுக்குள் வந்து, ஓரளவாவது எழுந்து நடமாட முடிந்தவர்களே சேர்க்கப்பட்டார்கள். கடைமடைக்காரர்கள் அந்த எண்ணுக்குள் இல்லை.

3.6 மாதம். இது பெரிதா சிறிதா என்று வெளியிலிருப்பவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது என் எண்ணம். ஒரு மகளின் கல்யாணம் அதற்குள் வரலாம். பேரன் பிறக்கலாம். ஆனால் அந்த மாதங்கள் எப்படிக் கழிகின்றன என்று கேட்கலாம், கேட்க வேண்டும். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மதுரைக்கு மருந்து ஏற்ற வரும் ஒருவரை நினைத்துக்கொள்வோம். ஜெம்சிட்டபின் மட்டும் என்றால் ஆய்வின் முறைப்படி நான்கு வாரச் சுற்றில் மூன்று நாள், ஆறு சுற்று: 24 வாரத்தில் 18 நாள். இரண்டும் சேர்த்தால் மூன்று வாரச் சுற்றில் இரண்டு நாள், எட்டுச் சுற்று: அதே 24 வாரத்தில் 16 நாள். மருந்து கூடியிருக்கிறது, பயணம் குறைந்திருக்கிறது. இரண்டு மருந்து என்றதும் இரண்டு மடங்கு அலைச்சல் என்று பயப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். ஆனால் அந்த ஒவ்வொரு நாளும் நீளம். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால் ஒரு லிட்டர் உப்புநீரில் கலந்து ஒரு மணி நேரம், பிறகு இன்னும் அரை லிட்டர் உப்புநீர் அரை மணி நேரம், அதற்குப் பின் ஜெம்சிட்டபின் அரை மணி நேரம். ரத்த அணுக்கள் போதுமான அளவு இருக்கின்றனவா என்று மருந்துக்கு முன் பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போக வேண்டியதுதான். அன்றைய கூலி போயிற்று, கூட வந்தவர் கூலியும் போயிற்று.

ஏபிசி-02-இல் வெள்ளணுக் குறைவு இரண்டு மருந்துக் குழுவில் அதிகம் இருந்தது. ஆனால் அதனால் வந்த தொற்றுகள் இரண்டு குழுவிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை. கல்லீரல் கோளாறோ ஒற்றை மருந்துக் குழுவில்தான் கூடுதல். கட்டி அடங்காததால் வந்திருக்க வேண்டும். இரண்டாவது மருந்து அதன் இடத்தைச் சம்பாதித்துக்கொண்டது. இரண்டு மருந்துகளும் காப்புரிமை முடிந்தவை, இந்தியாவில் பல நிறுவனங்கள் தயாரிப்பவை. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையோடு வருகிறவருக்கும் எட்டக்கூடிய சிகிச்சை இது.

அதே 2010-இல் இன்னொரு ஆய்வும் வெளியானது. பிரிட்டிஷ் ஆய்வுக்குக் கிடைத்த புகழில் கால்வாசிகூட அதற்குக் கிடைக்கவில்லை. டெல்லி எய்ம்ஸில் அதுல் சர்மாவும் குழுவும், பித்தநாளத்தின் பக்கத்து ஊருணியான பித்தப்பையில் வரும் புற்றுக்குச் செய்தது. கங்கைச் சமவெளியில் பித்தப்பைப் புற்று உலகிலேயே அதிகம் காணப்படும் இடங்களுக்குள் ஒன்று, அதிலும் பெண்களுக்கு. தெற்கே அது குறைவு. மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு வரும் நோயாளிகளின் கணக்கும் வாராணசிக் கணக்கும் ஒன்றாக இருக்காது. இந்த வேறுபாட்டுக்குப் பித்தக்கல், நாள்பட்ட கிருமித் தொற்று, தண்ணீரிலும் மண்ணிலும் கலந்த நஞ்சு எனப் பலவற்றைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். வடகிழக்குத் தாய்லாந்தில் காரணம் தெளிவு: பச்சை மீனில் வரும் ஈரல் புழு பித்தநாளத்தில் குடியேறி ஆண்டுக்கணக்கில் அரித்துப் புற்றாக்குகிறது.

எய்ம்ஸ் ஆய்வில் 81 பேர், வெட்டி எடுக்க முடியாத பித்தப்பைப் புற்று. மூன்று குழு. ஒன்றுக்கு வலி நிவாரணமும் ஸ்டென்டும் போன்ற ஆதரவுச் சிகிச்சை மட்டும். இரண்டாவதற்கு அன்று பல இடங்களில் வழக்கமாகக் கொடுத்துவந்த 5-ஃப்ளூரோயூராசில், ஃபோலினிக் அமிலத்தோடு. மூன்றாவதற்கு ஜெம்சிட்டபினும் ஆக்சாலிபிளாட்டினும். இடைநிலை ஆயுள் முறையே 4.5 மாதம், 4.6 மாதம், 9.5 மாதம்.

இந்த மூன்று எண்களில் என்னை நிறுத்திவைப்பது நடுவில் உள்ளது. 4.5-க்கும் 4.6-க்கும் இடையே மூன்று நாள் வித்தியாசம். எத்தனை ஆண்டுகளாக எத்தனை பேர் இந்த மருந்துக்காக நிலம் அடகு வைத்திருப்பார்கள், வாய்ப்புண்ணோடும் வயிற்றுப்போக்கோடும் கடைசி மாதங்களைக் கழித்திருப்பார்கள்? மருந்தே கொடுக்காத ஒரு குழுவை வைத்தது சரியா என்று சிலர் கேட்டார்கள். அந்தக் குழு இல்லாமல் இந்த உண்மை தெரிந்திருக்காது. அப்போது நிரூபிக்கப்பட்ட சிகிச்சை எதுவும் இல்லாததால்தான் அப்படி வைக்க முடிந்தது. இன்று வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. அதே எய்ம்ஸ் ஆய்வாளர்கள் பிறகு 260 பேரிடம் ஆக்சாலிபிளாட்டின் கூட்டையும் சிஸ்பிளாட்டின் கூட்டையும் நேருக்கு நேர் நிறுத்தினார்கள். 9 மாதம், 8.3 மாதம். ஒன்றை மற்றொன்று வென்றதாக அடித்துச் சொல்ல முடியாத இடைவெளி. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு எதை எழுதலாம் என்பதற்கு இந்திய மருத்துவர்களிடம் இந்தியச் சான்று இருக்கிறது.

இரண்டு நல்லது என்று தெரிந்த பிறகு மூன்று? கேட்காமல் இருப்பார்களா? அமெரிக்காவில் ஜெம்சிட்டபின், சிஸ்பிளாட்டினோடு நாப்-பாக்லிடாக்சலையும் சேர்த்து 60 பேருக்குக் கொடுத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க எதிர்க் குழு கிடையாது. 2019-இல் முடிவு: 19.2 மாதம். பழைய 11.7-ஐப் பக்கத்தில் வைத்தால் மலைப்பாக இருக்கிறது. பல மருத்துவர்கள் காத்திராமல் மூன்றையும் எழுதத் தொடங்கினார்கள். பிறகு எஸ்.டபிள்யூ.ஓ.ஜி. 1815 என்ற ஆய்வில் 441 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். மூன்று மருந்துக் குழுவுக்கு 14 மாதம். இரண்டு மருந்துக் குழு அதற்குச் சற்றே கீழே. தற்செயலாகவே வரக்கூடிய இடைவெளி. பக்கவிளைவு மட்டும் மூன்றில் கூடுதல். முதல் ஆய்வின் 60 பேர் தலைமடைக்காரர்களாக இருந்திருக்க வேண்டும். கீழாநெல்லிக்கு நடந்தது நாப்-பாக்லிடாக்சலுக்கும் நடந்தது.

கூடுதல் மருந்து கூடுதல் பலன் தராமல் போனதை மதுரையே உலகுக்குக் காட்டியிருக்கிறது. புற்றுநோயில் அல்ல, கண்ணில். நெல்மணி தெறித்தோ கரும்புத் தோகை கீறியோ கருவிழியில் பூஞ்சைப் புண் வருவது இந்தச் சமவெளியின் உழவர்களுக்குப் புதிதல்ல. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகக் குழுவோடு சேர்ந்து, பழைய நாடாமைசின் சொட்டு மருந்தையும் புதிய, விலை கூடிய வோரிகோனசோலையும் 323 பேரிடம் ஒப்பிட்டார்கள். 2013-இல் வெளியான முடிவில் பழையது வென்றது. அடுத்து, கடுமையான புண் உள்ள 240 பேரில் ஒரு பாதிக்குச் சொட்டு மருந்தோடு வோரிகோனசோல் மாத்திரையும், மறுபாதிக்குச் சொட்டு மருந்தோடு போலி மாத்திரையும் கொடுத்தார்கள். மாத்திரையால் மொத்தத்தில் எந்த நன்மையும் இல்லை. கல்லீரல் கோளாறு மட்டும் கூடியது. அந்த நோயாளிகளின் கண் கொண்டு கற்ற பாடத்தை இன்று உலகம் முழுக்கக் கண் மருத்துவர்கள் பின்பற்றுகிறார்கள்.

பித்தநாளப் புற்றில் மூன்றாவது மருந்து ஒன்று கடைசியில் தேறியது. அது அணுவைக் கொல்லும் மருந்து அல்ல, உடம்பின் காவல் அணுக்களின் கட்டை அவிழ்த்துவிடுவது. டுர்வாலுமாப் அதன் பெயர். சியோலின் டோ-யூன் ஓ தலைமையில், இந்தியா உட்படப் பல நாடுகளில் 685 பேரிடம் நடந்த டோபாஸ்-1 ஆய்வில், எல்லோருக்கும் ஜெம்சிட்டபின், சிஸ்பிளாட்டின் உண்டு. பாதிப்பேருக்கு அதோடு டுர்வாலுமாப், மறுபாதிக்குப் போலி மருந்து. இடைநிலை ஆயுள் 12.8 மாதம், எதிரே 11.5. ஐந்தாறு வாரம்தானா என்று தோன்றும். நடுவில் நிற்பவரை விட்டு வரிசையின் கடைசியைப் பாருங்கள். இரண்டு ஆண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் ஒரு குழுவில் நூற்றுக்குப் பத்து, டுர்வாலுமாப் குழுவில் நூற்றுக்கு ஏறக்குறைய இருபத்தைந்து. பெரும்பாலோருக்குக் கொஞ்சமாகவும் சிலருக்கு மிக நிறையவும் தரும் மருந்து இது. அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கும் சோதனை இன்னும் கைகூடவில்லை. கண்டுபிடித்துவிட்டால், இந்த விலையுயர்ந்த மருந்தைப் பலன் பெறக்கூடியவருக்கு மட்டும் அரசாங்கமே வாங்கிக் கொடுக்கும்படி கேட்க முடியும்.

இன்னொரு வழி கட்டியின் அடையாளத்தைப் பார்த்து மருந்து சேர்ப்பது. பித்தப்பைப் புற்றுகளில் ஒரு பகுதிக்கு மார்பகப் புற்றில் தெரிந்த ஹெர்-2 புரதம் மேற்பரப்பில் மிகுந்திருக்கும். மும்பை டாடா நினைவு மருத்துவமனை முன்னின்று, அப்படிப்பட்ட 90 பேருக்கு இரண்டு மருந்தோடு டிராஸ்டுசுமாப் சேர்த்துக் கொடுத்தது. இந்தியாவில் உள்ளூர்த் தயாரிப்பாகக் குறைந்த விலையில் கிடைக்கும் மருந்து அது. நம்பிக்கை தரும் முடிவு. ஆனால் எதிர்க் குழு இல்லாத ஆய்வு. 19.2 மாதத்தைப் பார்த்து ஏமாந்தவர்கள் இங்கேயும் சீட்டுக் குலுக்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

சீட்டுக் குலுக்குவது என்பது காகிதத்தில் எளிது. ஒருவர் முன் உட்கார்ந்து அதைச் சொல்வது எளிதல்ல. இந்தியாவில் இத்தகைய ஆய்வு எதுவும் நாட்டின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகி, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்றுத்தான் தொடங்க வேண்டும். ஒப்புதல் படிவம் நோயாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சியின் முன்னிலையில் வாசித்துக் காட்ட வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், விலகினாலும் சிகிச்சை நிற்காது என்று அதில் எழுதியிருக்கும். 'எனக்கு எது நல்லதுன்னு நீங்களே சொல்லிருங்க சாமி, உங்களுக்குத் தெரியாததா?' என்று ஒரு பெரியவர் கேட்டால், மருத்துவர் 'எனக்குத் தெரியாதுங்கய்யா, யாருக்குமே இன்னும் தெரியாது, அதத் தெரிஞ்சுக்கத்தான் இது' என்று சொல்ல வேண்டியிருக்கும். தெரியாது என்று ஒரு மருத்துவர் சொல்வதைக் கேட்டுவிட்டும் கைநாட்டு வைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பிரிட்டனில் 410 பேர், டெல்லியில் 81 பேர், பிறகு 260 பேர். ஆய்வுக் கட்டுரைகளில் அவர்கள் பெயர் இல்லை. இன்று மதுரையில் பித்தநாளப் புற்றுக்கு மருந்து ஏற்றிக்கொள்ளும் ஒருவரின் சீட்டில், உடற்பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு ஜெம்சிட்டபின் 1000 மில்லிகிராம், சிஸ்பிளாட்டின் 25 மில்லிகிராம், முதல் நாள், எட்டாம் நாள் என்று எழுதியிருக்கும். பிரிட்டனில் அந்த அளவில் அந்த நாட்களில் ஏற்றிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் கட்டுரை அச்சாவதற்கு முன்பே போய்விட்டவர்கள்.